இருபது நிமிஷ எஞ்சின்

அத்தியாயம் 14

திருநாராயணன் தாலூகா ஆபீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு டிராக்டர் வாங்கின கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் பழைய வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். ஆனால் இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களும் இருப்பார்களே. அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காபித் தோட்டத்து ஏலத்தில் எடுத்த பழைய டிராக்டர் அது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே, கால்வாயை ஒட்டி இருக்கும் ஆறு ஏக்கர், அவன் அம்மா லக்ஷ்மம்மாவுக்குப் பிறந்த வீட்டார் எழுதி வைத்த நிலம். அதைத் தானே உழுது பயிர் வைக்கிறேன் என்று பெண்டாட்டி ஸத்யபாமாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஆவணியில் வந்து சேர்ந்தான். அப்பா மேலுகோட்டையில் கோயில் கைங்கரியத்தோடு சரி, எதிலும் தலையிடமாட்டார். மைசூரில், மண்டி மொஹல்லா வீட்டில் இருக்கும் அண்ணா நரசிம்மமூர்த்திக்குத்தான் இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

ஆயுத பூஜைக்குப் பிறகு எஞ்சின் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் நின்றுபோக ஆரம்பித்தது. அண்ணா வந்து பார்த்தார். கெடு வைத்துவிட்டுப் போனார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள ஆறு ஏக்கரையும் உழுது காட்டு. இல்லையானா நிலம் அஞ்சு வருஷக் குத்தகைக்கு, ரொம்ப நாளாக் கேட்டுண்டிருக்கற பசவராஜுக்கு. நீங்க மூணு பேரும் பழையபடி மண்டி மொஹல்லாவுக்கு."

அந்த வெள்ளிக்கிழமை விடிந்தாயிற்று. இரண்டு ஏக்கர் உழுதிருந்தது. நாலு பாக்கி.

ஸத்யபாமா ஒரே குடத்தை மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிறோம் என்பதே அவளுக்கு நினைவில்லை.

மண்டி மொஹல்லா வீட்டில் ஏழு வருஷம் அவளும் திருநாராயணனும் படுத்தது கொல்லை ரேழியில், ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு. யார் கொல்லைப்பக்கம் போனாலும் அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். அடுப்பு மூட்டுவதற்குக்கூட ஓர்ப்படி பத்மாஸினியின் முகத்தைப் பார்க்கவேண்டும். இங்கே இருப்பது இரண்டே அறை. ஓட்டு வீடு, மழை வந்தால் மூன்று இடத்தில் ஒழுகும். ஆனால் அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அந்தத் தாழ்ப்பாளை விட்டுவிட்டுத் திரும்பிப் போக அவளால் முடியாது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனாலும் உண்மை அதுதான்.

ஆறரைக்கு லக்ஷ்மம்மா ஸ்நானம் பண்ணி, யாரும் தொடக்கூடாத மடியாக வந்தாள். கையில் சின்ன வெள்ளிக் கிண்ணம். வெள்ளிக்கிழமை தவறாமல் நடக்கிற காரியம் இது. வந்த புதிதில் டிராக்டரை ராக்ஷசன் என்று சொல்லிப் பத்தடி தள்ளியே நடந்தவள் அவள். ஆயுத பூஜையன்று அதற்கு வெள்ளைத் திருமண் நாமம் இட்டு, நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம் தீற்றின பிறகுதான் வீட்டு மனுஷனாக ஒப்புக்கொண்டாள். எஞ்சின் தலையில் இருக்கும் மண்ணெண்ணெய்த் தொட்டிக்கு உருண்டையாக ஒரு பித்தளை மூடி. அதுதான் அவளுக்கு வண்டியின் நெற்றி. வெறும் ஜலத்தில் குழைத்து இட்டால் சூட்டில் உதிர்ந்துவிடுகிறது என்று வேப்பம்பிசின் கலந்து நன்றாகத் தடிமனாக இடுவாள்.

அன்றைக்கும் இட்டாள்; இட்டுவிட்டுக் கைகூப்பாமலே திரும்பினாள்.

"அம்மா, காபி கலந்து வெச்சிருக்கேன்."

"வேண்டாம்."

"கார்த்தாலேர்ந்து தீர்த்தம்கூட வாயில விடலையே."

"வேண்டாம்னு சொன்னேனே பாமா. போய்க் காரியத்தைப் பாரு."

லக்ஷ்மம்மா வரப்போரத்துப் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். முகம் வயலைப் பார்க்கவில்லை. பஸ் வரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாருக்கு யார்மேல் கோபம் என்று பாமாவுக்குப் புரியவில்லை.

ஏழு மணிக்கு வேலாயுதம் சைக்கிளில் வந்து இறங்கினான். மண்டி மொஹல்லாவில் லாரி ரிப்பேர் பார்க்கிறவன். இது அவனுக்கு நாலாவது நடை.

"சாமி, இந்த வண்டிக்கு நான் பார்க்காத வைத்தியமில்லே. பிளக்கு மாத்தியாச்சு. பொறி தர்ற மேக்னட்டோவைக் கழட்டி வெயில்ல காய வெச்சாச்சு. கார்புரேட்டரை மூணு தபா கழுவியாச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்தா ஜம்முனு ஓடுது. சைக்கிள்ல ஏறினேன்னா சும்மாவே நின்னுடுது. இது என்னா சாமி நியாயம்?"

"நியாயத்தை அப்புறம் கேட்டுக்கலாம். ஹாண்டிலைப் பிடி" என்றான் திருநாராயணன். மூன்று வாரமாக அவன் யாரிடமும் சிரித்துப் பேசவில்லை.

பெட்ரோலில் கிளப்பி, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டிய எஞ்சின். நாலு சுற்றில் கிளம்பிற்று. கலப்பை மண்ணைக் கிழித்துக்கொண்டு போனது. பாமா வரப்பிலேயே கூடவே நடந்தாள். சும்மா நிற்க அவளால் முடியவில்லை. சமையல்கட்டில் பருப்பு கொதிக்கிறது. ஓடிப்போய் இறக்கிவிட்டு வந்தாள். மறுபடி நடந்தாள். சத்தம் கொஞ்சம் இளைத்தாலே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

மூன்று தும்மல். எஞ்சின் நின்றுவிட்டது.

"இருபத்திரெண்டு" என்றான் திருநாராயணன், கடிகாரத்தைப் பார்க்காமலே.

வேலாயுதம் எண்ணெய்க் குழாயைக் கழற்றினான். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா பார்க்க மூடியைத் திறந்தான். திருமண் கலையாமல் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, பயபக்தியோடு திறந்தான். உள்ளே குச்சி விட்டுப் பார்த்தான். முக்கால் தொட்டி இருந்தது. பிறகு குழாயில் வாயை வைத்து ஊதினான். மண்ணெண்ணெய் பீச்சிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா சாமி? குப்பை. குழாய்ல குப்பை."

எல்லோருக்கும் நம்பத் தோன்றிற்று. குழாயை மாட்டினார்கள், மூடியைப் போட்டார்கள், கிளப்பினார்கள். பத்தொன்பதாவது நிமிஷத்தில் வண்டி வயலின் நட்டநடுவில் நின்றது. திருநாராயணன் இறங்கி வராமல் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

இப்படியே மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புதுக் காரணம். ஒரு தரம் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று வடிகட்டினார்கள். இன்னொரு தரம் மேக்னட்டோவின் கம்பிச்சுருள் சூடாகிறது என்று ஈரத்துணி போட்டார்கள். பதினொன்றரைக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு ஏக்கர்தான் ஆகியிருந்தது. இன்னும் மூன்று. பொழுது சாய ஆறு மணி நேரம்.

பாமா உள்ளே போய்ப் புது மண்ணெண்ணெய் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தொட்டியில் ஊற்ற எடுத்து வைத்திருந்த வாளிக்கு மேலே டின்னைச் சாய்த்து, ஆணியால் மூலையில் ஒரு ஓட்டை போட்டாள். குபுக் குபுக்கென்று இரண்டு வாய் வந்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. எந்த வீட்டுப் பெண்பிள்ளையும் செய்கிற மாதிரி எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டாள். எண்ணெய் தாரையாக விழுந்தது.

வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்தது. அவள் கவனிக்கவில்லை. டிராக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்னா, இந்த எஞ்சின் முதல் தடவை எப்போ நின்னுது?"

"பாமா, நீ வேற ஆரம்பிக்காதே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ."

"ஆயுத பூஜைக்கு மறுநாள். நாள் நட்சத்திரம் பார்க்கப் போறியா?"

"எந்தக் கிழமையில கொஞ்சம் ஜாஸ்தி ஓடறது?"

அவன் எரிச்சலோடு வாயைத் திறந்தவன், அப்படியே யோசித்தான். "வியாழக்கிழமைகள்ல பரவாயில்லை. நேத்திக்குக்கூட நாப்பது நிமிஷம் ஓடித்து. ஏன்?"

"கிளப்புங்கோ. நிக்கற வரைக்கும் ஓட்டுங்கோ. நின்னா யாரும் எதையும் தொடப்படாது" என்றாள்.

இருபத்தொன்றாவது நிமிஷத்தில் நின்றது. வேலாயுதம் ஸ்பானரோடு ஓடி வந்தான்; பாமா கையைக் காட்டி நிறுத்தினாள். புடவையைச் செருகிக்கொண்டு சக்கரத்தில் ஏறி மூடியைத் திருகினாள். லேசில் வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. பலமாகத் திருகினதும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கையோடு வந்தது.

"இப்போ ஹாண்டிலைப் போடு, வேலாயுதம்."

ஒரே சுற்று. எஞ்சின் கிளம்பிவிட்டது.

அவள் மூடியைத் தலைகீழாகத் திருப்பி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். ஒரிஜினல் மூடி ஏலத்திலேயே காணாமல் போய், மண்டி மொஹல்லாவில் பாத்திரம் அடிக்கிற கன்னான் மெல்லிய தகட்டில் அடித்துக் கொடுத்தது அது. காற்றுப் போக நடுவில் ஒரே ஒரு குண்டூசி ஓட்டை வைத்திருந்தான். அதில் வெளிச்சம் வரவில்லை. மறுபக்கத்தில் வேப்பம்பிசின் போட்ட திருமண் கல்லாக உறைந்திருந்தது.

"காத்து உள்ள போனாத்தானே எண்ணெய் கீழே இறங்கும்" என்றாள் பாமா. "இந்தத் திருமண் வாரக் கடைசியில வெடிச்சு லேசா வழி விடறது. வெள்ளிக்கிழமை அம்மா புதுசா இட்டுடறா."

வேலாயுதம் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் வேலை பாக்கறப்பல்லாம் மூடி மட்கார்டு மேலதானேம்மா கெடக்கும். அதான் எனக்கு மட்டும் ஓடியிருக்கு. இத்தனை வருசம் லாரி பாத்தேன்னு வெளியில சொல்லிக்கவே கூடாது."

திருநாராயணன் மூடியை வாங்கிப் பார்த்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு முகம். "கொடு. ஒரு நிமிஷத்துல சுரண்டிப் போட்டுடறேன். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்."

"திறந்து போட்டே ஓட்டினா என்ன?" என்று பாமா கேட்டாள்.

"வேண்டாம்மா" என்றான் வேலாயுதம். "உழுவுற மண்ணெல்லாம் உள்ள விழும். எண்ணெய் தளும்பி சூட்டுல பட்டா பத்திக்கும். மூடி வேணும். ஆனா சுரண்டறதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க. பெரியம்மா இட்டது. நான் தொடமாட்டேன்."

பாமா புங்கமரத்தைப் பார்த்தாள். மாமியார் இன்னும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் சுரண்டிவிட்டு, நாளைக்கு அவள் பார்த்துக் கேட்டால்? இந்த வண்டியை அவள் ஏற்றுக்கொண்டதே அந்தத் திருமண்ணால்தான். பாமாவுக்கு மனசு கேட்கவில்லை. மூடியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மடியில் இருக்கிறவள்மேல் படாமல் மூன்றடி தள்ளி உட்கார்ந்து, டின் கதையிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். முடிந்ததும் லக்ஷ்மம்மா மூடியைக் கீழே வைக்கச் சொல்லித் தானே எடுத்து, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"மூணு வாரமா என் கைதான் நிறுத்தியிருக்கா?"

"அப்படி ஏம்மா எடுத்துக்கறேள்? அங்க ஓட்டை இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. வேலாயுதத்துக்கே தெரியலை."

"நின்னுதா இல்லையா? அதைச் சொல்லு."

பாமா ஆமாமென்று தலையை ஆட்டினாள்.

"நாணு என்ன சொல்றான்?" திருநாராயணன் அவளுக்கு நாணுதான்.

"சுரண்டிடலாம்னு..."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா இட்டதைச் சுரண்டறதாவது." லக்ஷ்மம்மாவின் குரல் திடீரென்று பழைய அதிகாரத்துக்கு வந்தது. "ஒரு ஓட்டைதான் இருக்கணும்னு எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்கு? டின்னுக்கு ரெண்டாவது போட்டியோல்லியோ? இதுக்கும் பக்கத்துல ஒண்ணு போடு. ஆணி எங்கே?"

பாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரமாக நாலு பேர் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். வேலாயுதத்திடமிருந்து உளியும் சுத்தியும் வாங்கி, மரத்தடிக் கல்லில் மூடியை வைத்து, திருமண்ணுக்கு இரண்டு விரல் தள்ளி ஒரே தட்டு. மெல்லிய தகடு, உடனே வழிவிட்டது. துருவலை ஊதிவிட்டு நிமிர்ந்தபோது மாமியாரும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள்.

லக்ஷ்மம்மாவின் கண்ணில் ஜலம் நின்றது. "போ, போ. சீக்கிரம் போடு" என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டே காலுக்குக் கலப்பை இறங்கிற்று.

இருபதாவது நிமிஷம் வந்தது. பாமா நகத்தைக் கடித்தாள். இருபத்தைந்து ஆயிற்று. முப்பது. பிறகு ஒரு திருப்பத்தில் திருநாராயணன் அவளைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினான். ஒரு மணி நேரம் என்று அர்த்தம். அவள் நம்பவில்லை. தயிர்சாதத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டே வரப்பில் நடந்தாள். ஒரு வாய் தின்றாள், மீதி எங்கே போயிற்றென்று தெரியாது. எண்ணெய் தீரும் முன்பே, எஞ்சினை நிறுத்தவேண்டாம் என்று அவனிடம் கத்திக்கொண்டு வாளியோடு ஓடினாள். முழங்கை வரைக்கும் கரி.

மூன்று மணிக்கு வேலாயுதம் விடை பெற்றுக்கொண்டான். சைக்கிளில் ஏறி, கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போய் மறுபடி பார்த்தான். அப்புறம்தான் அவனுக்குத் திருப்தி.

லக்ஷ்மம்மா ஒரு இடத்தில் உட்காரவில்லை. மரத்தடியிலிருந்து சாலையோர வாசல் கேட்டு வரைக்கும் நடப்பாள், திரும்புவாள். உழுத மண் நீளமாகிக்கொண்டே வரவர அவள் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. "அம்மா, இன்னும் அரை ஏக்கர்தான்" என்று பாமா ஓடிவந்து சொன்னபோது, "தெரியறது" என்றாள். ஜெயிக்கப்போகிற நேரத்தில் இவளுக்கு என்ன வந்தது என்று பாமாவுக்குக் கோபம்கூட வந்தது.

ஐந்தே காலுக்குக் கடைசிச் சால் முடிந்தது. சூரியன் இன்னும் தென்னை உயரத்தில் இருந்தான். திருநாராயணன் வண்டியைக் கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டான். எஞ்சினை அணைக்க அவனுக்கு மனசு வரவில்லை. ஓடவிட்டபடியே குதித்து இறங்கினான். அதே நேரம் ஜட்கா வண்டி ஒன்று வந்து நின்று, நரசிம்மமூர்த்தி இறங்கினார்.

அண்ணா வயலைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆறும் ஆச்சு அண்ணா. எண்ணிப் பாத்துக்கோ" என்றான் திருநாராயணன். அம்மா காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

லக்ஷ்மம்மா ஆசீர்வாதம் பண்ணவில்லை. இரண்டடி பின்வாங்கினாள்.

"நாணு, எழுந்திரு. என்னைச் சேவிக்காதே. நேத்து சாயங்காலமே நான் குத்தகைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்டா."

எஞ்சின் சத்தத்தில் தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று பாமா நினைத்தாள். அண்ணாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்டது சரிதான் என்று தெரிந்துவிட்டது.

"நேத்து நீ சக்கரத்துல சாஞ்சுண்டு அழுதாயே, பார்த்தேன். முப்பத்தி நாலு வயசுப் பிள்ளை அழறதைப் பார்க்க முடியலை. பெருமாள் திருமண்ணை நெத்தியில வெச்சுண்டும் இது நிக்கறதுன்னா, இந்த நிலம் உனக்கு வேண்டாம்னு அவரே சொல்றார்னு நெனைச்சேன். நீங்க ரெண்டு பேரும் வயல்ல இருக்கறச்சே உங்கண்ணா பத்திரத்தோட வந்தான். பத்திரத்தை நானே கேட்டு வாங்கிப் போட்டேன்." அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "அடைச்சதும் இந்தக் கை. கையெழுத்துப் போட்டதும் இதே கை."

"நானே சொல்லிக்கறேன்னு அம்மாதான் சொன்னா" என்றார் நரசிம்மமூர்த்தி மெதுவாக. "நீ உழுது முடிப்பேன்னு நான் நினைக்கவே இல்லை. பத்திரம் கார்த்தாலே பசவராஜ் கைக்குப் போயாச்சு. வெத்தலை பாக்கும் மாத்தியாச்சு."

திருநாராயணன் விழுந்த இடத்திலேயே எழுந்து மண்ணில் உட்கார்ந்தான். பாமாவுக்கு மாமியாரைத் திட்டவேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழவேண்டும்போலும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

"ரிஜிஸ்டர் ஆயிடுத்தா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் மூத்த மைத்துனரிடம் நேருக்கு நேர் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"திங்கட்கிழமை. ஸ்ரீரங்கப்பட்டணத்துல."

"பசவராஜ் வீடு?"

"கால்வாய்க்கு அந்தப் பக்கம் மூணு மைல். எதுக்கு?"

திருநாராயணன் எழுந்து எஞ்சினை அணைக்கப் போனான். லக்ஷ்மம்மா அவனைத் தடுத்தாள்.

"நிறுத்தாதே. கலப்பையைக் கழட்டு. அவன் விளக்கு வைக்கறதுக்குள்ள போயாகணும். விளக்கு வெச்சுட்டா வெள்ளிக்கிழமையில எதையும் கையைவிட்டுக் குடுக்கமாட்டான்."

"அம்மா, கையெழுத்துப் போட்டுட்டுத் திருப்பிக் கேக்கறதாவது" என்றார் நரசிம்மமூர்த்தி. "ஊர்ல என்ன பேசுவா?"

"பேசட்டும். நான் போட்டதை நான்தான் கேக்கணும்."

கலப்பை கழன்று விழுந்தது. பாமா மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். லக்ஷ்மம்மா மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று மேலே பார்த்தாள். மடியில் இருக்கும்போது மருமகளின் புடவைத் தலைப்புப் பட்டால்கூட மறுபடி ஸ்நானம் பண்ணுகிறவள்.

"கையைக் குடுடீ" என்றாள்.

கரியும் மண்ணெண்ணெயுமாக இருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி கால்வாய்ப் பாலத்தைப் பார்த்துத் திரும்பிற்று.

நரசிம்மமூர்த்தி ஜட்காவை விட்டுவிட்டுப் பின்னாலேயே நாலடி ஓடிவந்தார். "அம்மா, பசவராஜ் குடுக்கமாட்டேன்னா என்ன பண்ணுவே?"

லக்ஷ்மம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பாமாவின் கையை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.